கதவைத் தாழிடுவதும் தவக்குல்தான்

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டது. உம்ரா குழுக்கள் வரிசையாகப் புறப்படுகின்றன. போகிறவர்கள் வீடு வீடாக வந்து ஸலாம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, துஆ செய்யச் சொல்லிப் போகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் விமான நிலையத்தில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்து, "15 நாள் பயணம்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறீர்களே, அது யாருக்காக? உங்கள் ஸ்டேட்டஸைப் பார்க்கும் அத்தனை பேருக்கும் 'எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது' என்று தகவல் சொல்வதாகத்தானே அது ஆகிறது? படத்தைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள். உம்ராவின் நன்மை குறைந்துவிடாது.

இதைச் சொன்னால், "ஹஜ்ரத், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சிலர் சொல்கிறார்கள். பார்த்துக்கொள்வான்தான். ஆனால் ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு பொறுப்புச் சாட்டு என்ற கருத்தில்தான் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பதில் சொன்னார்கள். திர்மிதியில் வருகிறது.

இன்னொன்றைப் பாருங்கள். ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டுப் படுத்தால் விடியும்வரை அல்லாஹ்வின் பாதுகாப்பு உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் செய்தி எந்தச் சம்பவத்தில் வந்தது? ரமளானின் ஜகாத் பொருளைக் காவல் காக்க நபியவர்கள் அபூஹுரைரா ரளியல்லாஹு அன்ஹு அவர்களை நியமித்திருந்தார்கள். அடுத்தடுத்து மூன்று இரவுகள் ஒருவன் வந்து தானியத்தை அள்ளினான். மூன்று முறையும் அவர்கள் கையும் களவுமாகப் பிடித்தார்கள். மூன்றாம் முறை, தப்பிப்பதற்காக அவன் சொல்லிக் கொடுத்ததுதான் இந்த ஆயத்தின் பலன். அவன் ஷைத்தான், ஆனாலும் இந்த விஷயத்தில் உண்மை சொன்னான் என்று நபியவர்கள் பிறகு விளக்கினார்கள். புகாரியில் இருக்கிறது. கவனியுங்கள்: ஆள் நிறுத்திக் காவல் காத்த பொருள் அது. நாமோ ஆயத்துல் குர்ஸியைச் சட்டம் போட்டு வாசலுக்கு மேலே மாட்டிவிட்டு, சாவியை மிதியடிக்கு அடியிலோ மீட்டர் பெட்டியிலோ வைத்துவிட்டுப் போகிறோம்!

இரவில் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைச் சாத்துங்கள், பாத்திரங்களை மூடுங்கள், விளக்கை அணையுங்கள் என்று ஜாபிர் ரளியல்லாஹு அன்ஹு அறிவிக்கும் ஹதீஸும் உண்டு. அல்லாஹ்வின் பெயர் சொல்லிச் சாத்திய கதவை ஷைத்தான் திறக்கமாட்டான். பிஸ்மில்லாஹ்வும் வேண்டும், தாழ்ப்பாளும் வேண்டும்.

ஃபிக்ஹ் நூல்களில் 'ஹிர்ஸ்' என்று ஒரு சொல் வரும். பொருளுக்குரிய காப்பிடம் என்று பொருள். மரத்தில் தொங்கும் பழத்தைப் பறித்தவனுக்குத் திருட்டின் ஹத்து தண்டனை இல்லை; களத்தில் கொண்டுவந்து சேர்த்த பிறகு எடுத்தால்தான் அந்தச் சட்டம். ஸஃப்வான் இப்னு உமைய்யா ரளியல்லாஹு அன்ஹு பள்ளிவாசலில் மேலாடையைத் தலைக்கு வைத்துத் தூங்கும்போது அது திருடப்பட்டது. தலைக்கு அடியில் வைத்திருந்ததே அதற்குக் காப்பிடம் என்று இமாம்கள் விளங்கினார்கள். பொருளை அதற்குரிய இடத்தில் வைப்பது உடையவனின் பொறுப்பு என்பது இதில் அடங்கியிருக்கிறது. நம் ஹவுள் ஓரத்தில் கைபேசியையும் கடிகாரத்தையும் வைத்துவிட்டு ஒளு செய்து, அப்படியே ஸஃப்பில் போய் நிற்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஊருக்குப் போகுமுன் காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள். ரோந்து வரும்போது உங்கள் வீட்டையும் பார்ப்பார்கள். பால், பேப்பரை நிறுத்துங்கள். வாசலில் நான்கு நாள் பேப்பர் கிடந்தால் போதும், திருடனுக்கு வேறு துப்பு வேண்டாம். முன்கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டு, கொல்லைக் கதவைத் துருப்பிடித்த கொக்கியோடு விடாதீர்கள். நகைகளைப் படம் எடுத்து, எடையோடு எழுதி, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வங்கி லாக்கர் வீட்டுப் பீரோவை விட மேல். ஆனால் அங்கே திருட்டோ தீவிபத்தோ நடந்து வங்கி பொறுப்பேற்க நேர்ந்தாலும், அந்தப் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இது ரிசர்வ் வங்கியின் விதி.

எல்லாவற்றுக்கும் மேலாக அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பத்து வீடுகளில் திருடுவதை விட அண்டை வீட்டில் திருடுவது கொடிய பாவம் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். அந்த உறவில் அவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும். இன்று பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே பலருக்குத் தெரியவில்லை.

இனி நான் அதிகம் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வளையல் காணவில்லை என்றால் முதலில் யாரைக் கேட்கிறோம்? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை. இல்லையென்றால் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பையனை. மதீனாவில் துஅமா இப்னு உபைரிக் என்பவன் அண்டை வீட்டிலிருந்து உருக்குச் சட்டையைத் திருடினான். மாவுப் பையில் மறைத்து எடுத்துப் போனான். பையின் ஓட்டை வழியாக மாவு சிந்தியது. அதை ஒரு யூதரிடம் ஒப்படைத்துவிட்டு, பழியையும் அவர் மேல் போட்டான். அவனுடைய குலத்தாரும் நபியவர்களிடம் வந்து அவனுக்காகவே பேசினார்கள். அப்போது அந்த யூதர் நிரபராதி என்று அறிவித்து ஸூரத்துன் நிஸாவின் 105ஆம் வசனம் முதல் இறங்கின என்று தஃப்ஸீர்களில் காண்கிறோம். ஒரு முஸ்லிமல்லாதவரின் மீது விழுந்த திருட்டுப் பழியைத் துடைக்க வஹீ வந்த மார்க்கம் இது.

ஆதாரம் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கையில் அகப்பட்டவனைக் கம்பத்தில் கட்டி அடிக்க நமக்கு அனுமதி இல்லை. தண்டிப்பது நம் வேலையும் அல்ல. சந்தேகப்பட்டு ஓர் ஏழைப் பெண்ணின் பையைத் தெருவில் வைத்துச் சோதித்தீர்கள், மறுநாள் அந்த வளையல் உங்கள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது என்றால், அவள் வேலைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவள் வீட்டுக்கு நீங்களே போங்கள். எந்தத் தெருவார் முன்னால் அவமானப்படுத்தினீர்களோ, அவர்கள் காதில் விழும்படி மன்னிப்புக் கேளுங்கள்.

அல்லாஹ் நம் பொருளையும் பிறருடைய மானத்தையும் நம் கையால் பாழாகாமல் காப்பானாக. ஆமீன்.