விரைவும் நிதானமும்: மலையகத் தேயிலையும் தலைமையின் அறமும்

தொழில் நிறுவனமொன்றின் தலைவர் திறமையானவரா என்பதை எதைக்கொண்டு அளப்பது? ஆண்டிறுதிக் கணக்குக் காட்டும் இலாபமே அளவுகோல் என்பர் ஒரு சாரார். சந்தை நாளுக்கு நாள் மாறும் காலத்தில், அம்மாற்றத்தை முன்னுணர்ந்து விரைந்து முடிவெடுப்பவரே திறமையான தலைவர் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் கருத்து. இக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது முழுமையான உண்மையா என்பது ஆராயத்தக்கது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உலகச் சந்தையின் ஏற்ற இறக்கங்களைத் தாங்கிவந்த நமது மலையகம் அவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான களம் எனலாம்.

1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைநோய் கண்டறியப்பட்டது. கோப்பி விலை உயர்ந்து நின்றமையால், நோயைப் பொருட்படுத்தாது 1870களில் மேலும் காடழித்துக் கோப்பி நட்டவர் பலர். அவர்களது விரைவு வீழ்ச்சியையே விரைவுபடுத்திற்று. 1884இல் தோட்டத்துரைமாருக்குக் கடனளித்துவந்த ஓரியன்டல் வங்கியும் முறிந்தது. இடையிற் பலர் சின்கோனாவை நாடினர். எல்லோரும் ஒருசேர நட்டமையாற் சந்தையில் அதன் பட்டை குவிந்து, விலை சரிந்தது. ஈற்றிற் கைகொடுத்தது தேயிலையே. அதற்கான வித்தோ கோப்பி செழித்திருந்த காலத்திலேயே ஊன்றப்பட்டிருந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், தமது பங்களாவின் விறாந்தையிற் கொழுந்தைக் கையால் உருட்டித் தேயிலையாக்கும் முறையைப் பொறுமையோடு கற்றுக்கொண்டார். அவசரமில்லாத அந்த முயற்சியே, பின்னர் நுவரெலியா, ஹற்றன், திம்புளைப் பகுதிகள் விரைவாகத் தேயிலைக்கு மாறுவதற்கு வழி திறந்தது. நெருக்கடியில் விரைந்து திரும்புவதற்கு, நெருக்கடி இல்லாத காலத்தில் நிதானமாக உழைத்திருத்தல் வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் முதற் பாடம்.

தேயிலைத் தொழிலுக்கு விரைவு வேண்டாம் என்று எவரும் கூறார். காலையிற் பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலை சேர்தல் வேண்டும். 1883இற் கொழும்பிலே தொடங்கிய தேயிலை ஏலம் தரத்துக்கும் தேவைக்கும் ஏற்ப விலையை ஏற்றியும் இறக்கியும் வருகின்றது. 1890இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், இடைத்தரகரை ஒதுக்கிப் பொதியிட்ட தேயிலையை மலிவாக விற்றமையும், மெரில் ஜே. பெர்னாண்டோ 1980களில் டில்மாவைத் தனிப்பெயராக உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றமையும் வணிக நுண்ணறிவின் பயன்களே. 2020இற் பெருந்தொற்று நாட்டை முடக்கியபோது ஏலம் சில வாரங்களிலேயே இணையவழிக்கு மாறியதும் பாராட்டத்தக்க விரைவே.

ஆயின் தேயிலைச் செடி சந்தையின் காலக்கணக்கை அறியாது. முதிர்ந்த செடிகளைப் பிடுங்கிய மலையில் ஒன்றரை இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்றல் வேண்டும். அதன் பின் தவறணைக் கன்றுகளை நட்டு, அவை வருவாய் தரும்வரை மேலும் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். அவ்வாண்டின் இலாபத்தை மட்டும் நோக்கும் தலைவருக்கு மறுநடுகை வீண்செலவாகவே தோன்றும். அவர் அதனைத் தள்ளிப்போடுவார். கணக்கும் அழகாக இருக்கும். விலையைச் செலுத்துபவர் அடுத்த தலைமுறையினர். 2021ஆம் ஆண்டு மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, நவம்பரில் அத்தடையை நீக்கிற்று. உத்தரவை மாற்றச் சில மாதங்கள் போதுமாயின. செடி தேறுவதற்கு அவை போதவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, எரிபொருள் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2022இல் ஏறத்தாழ 25 கோடியாகக் குறைந்தது. திருத்தக்கூடிய முடிவை விரைந்தெடுக்கலாம். திருத்த முடியாததை அவ்வாறு எடுத்தல் ஆகாது.

செடியினும் மேலாக எண்ணத்தக்கவர் மனிதர். கோப்பி வீழ்ந்தபோது தொழிலாளரின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு, 2021 மார்ச்சிலேதான் வர்த்தமானி மூலம் நிறைவேறிற்று. அதனை எதிர்த்தும் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. சந்தை இறங்கும் செய்தி லயத்துக்கு உடனே வந்துவிடுகின்றது. ஏறும் செய்தி வந்துசேர ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஏற்றத்தாழ்வு இயற்கை விதியன்று. தலைமைப் பீடங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவு.

‘தோட்டம் நட்டத்தில் மூழ்கினால் தொழிலாளிக்கும் வாழ்வில்லை, அறம் பேசிக் கம்பனியை நடத்த முடியுமா?’ என்று கேட்கலாம். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. விற்பனை விலைக்கு மேற்பட்ட செலவை எந்த நிறுவனமும் நெடுங்காலம் தாங்காது. ஆயினும், நட்டத்துக்கு அஞ்சாது முதலிட்டமைக்குரிய பயனே இலாபம் என்பதன்றோ இலாபத்துக்குக் கூறப்படும் நியாயம்! வரவிருந்த நட்டத்தைக் கொழுந்து பறிப்பவளின் கூடையில் இறக்கிவைத்தவர், அந்த நியாயத்தைத் தாமே இழந்துவிடுகின்றார். நல்ல ஆண்டிற் சேமித்து, கெட்ட ஆண்டில் முதல் அடியைத் தாம் ஏற்பவருக்கே இலாபம் உரியதாகின்றது. இதில் நடைமுறைப் பயனும் உண்டு. மதிப்பில்லாத இடத்தில் இளைஞர் தங்குவதில்லை. தோட்டப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளையும் வெளிநாடுகளையும் நாடிச் செல்ல, பறிக்க ஆளின்றிக் காடேறும் மலைகள் இதற்குச் சான்று.

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகையை முதலில் வைத்து, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகியவற்றை அதன்பின் வரிசைப்படுத்தினார். காலத்தை அறிந்து பாய்வது ஓர் ஆற்றல்தான். எதை, எவர் பொருட்டு, எவர் செலவிற் செய்கிறோம் என்று தெரிந்துகொள்வது அதற்கு முற்பட்டது. விலையைக் கணிப்பதில் விரைவும், மண்ணையும் மனிதரையும் பற்றிய முடிவுகளில் நிதானமும் உடையவரே திறமையான தலைவர். நாளை நிறுவனங்களிற் பொறுப்பேற்கவிருக்கும் பல்கலைக்கழக மாணவர், தம் முடிவு எவ்வளவு விரைவானது என்று கேட்பதற்கு முன், அது பிழைத்தால் அதன் சுமையைத் தாங்கப்போகின்றவர் யார் என்று கேட்டுப் பழகுவாராக.