கேட்ட கூட்டமும் படித்த தனியனும்

இலக்கியம் படிப்பதால் சமூகத்துக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களை நம் வட்டத்தில் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்து வந்திருக்கிறோம். கலையில் பயன் தேடுவது மளிகைக்கடை மனோபாவம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது அதே கேள்வியை நானே கேட்டுக்கொள்ள நேர்ந்ததற்குக் காரணம் இலக்கிய விவாதம் எதுவும் அல்ல. திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையின் கவுண்ட்டரில் நடந்த ஒரு சின்ன விஷயம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. வலை, படகு, கரையோரத்து வீட்டுச் சுவர் எல்லாம் கருப்பு. மீன்பிடிக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்க எர்ணாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆயா வருவாள். மூன்றாவது தடவை வந்தபோது பாஸ்புக்கை நீட்டி, "வந்துச்சா பாரு நைனா" என்றாள். "அங்க மெஷின்ல போட்டுப் பாருங்க ஆயா" என்றேன். போட்டுக்கொண்டு திரும்ப வந்தாள். "மெஷினு அடிச்சுக் குடுத்துடுச்சு. அது இன்னா சொல்லுதுன்னு நீ படிச்சுச் சொல்லு." நான் அவளுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டேன். பணம் ஒரு வாரம் முன்பே வந்திருந்தது என்பதை அவளுக்குப் படித்துச் சொன்னவர் எங்கள் கிளைக் காவலாளி.

அன்று என் மேஜை இழுப்பறையில் இருந்தது 'கரமசோவ் சகோதரர்கள்'. கருணை பற்றி ஒரு கட்டுரைக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ரஷ்ய நாவலில் துன்புறும் குழந்தைகளுக்காக மனம் கசிந்திருந்த அதே முற்பகலில், எதிரே நின்ற கிழவியை எனக்குத் தெரியவில்லை. என் பி.ஏ. ஆங்கில இலக்கியமும் பதினைந்து வருஷ வாசிப்பும் அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரிக்கு. அதற்கும் உதவவில்லை.

ஜார்ஜ் ஸ்டெய்னர் இதைப் பயங்கரமான அளவில் கேட்டவர். மாலையில் கதேயும் ரில்கேயும் படித்துவிட்டுக் காலையில் ஆஷ்விட்ஸில் வேலைக்குப் போன மனிதன் அவரை விடவில்லை. எழுத்தில் வரும் துயரத்துக்குப் பழகிய காது தெருத் துயரத்துக்கு மந்தமாகிவிடுமோ என்றுகூட அவர் சந்தேகப்பட்டார். என் கவுண்ட்டரை அந்த முகாமோடு ஒப்பிடுவது அபத்தம். ஆனால் மந்தமான காது என்று அவர் சொல்வது என்ன என்பது எனக்கு அன்று ஸ்தூலமாகப் புரிந்தது.

இதற்கு எதிர்ச்சாட்சி வேண்டுமானால் வெகுதூரம் போகவேண்டாம். ராயபுரத்தில் என் வீட்டிலிருந்து பெரம்பூர் பக்கம்தான். பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகள் அங்கேதான் ஓடின, 1996இல் மூடிவிட்டார்கள். அந்த ஆலைக்கு அருகில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பக்திச் சபையை நடத்தினார்கள். தொழிலாளிகள் அங்கே சொற்பொழிவு கேட்க வருவார்கள். வந்தவர்கள் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேஸ்திரி அடிக்கிறான் என்று பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சபைக்குப் பேச வந்தவர்களில் ஒருவர் திரு.வி.க. தமிழாசிரியர், பெரியபுராணத்துக்குக் குறிப்புரை எழுதியவர். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். வாடியா தலைவர். ஆனால் வாடியா வருவதற்கு முன்பே ஒரு கூட்டம் அங்கே உட்கார்ந்து கேட்கப் பழகியிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பன்னிரண்டு மணி நேரம் தறியோடு தறியாக நின்றவனுக்கு, தானும் ஒரு வாக்கியத்தின் எழுவாய் ஆகலாம் என்ற நினைப்பு அந்தத் திண்ணையில் வந்திருக்க வேண்டும்.

ஆகவே இலக்கியம் பயன்படும் என்று இங்கேயே முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் மூன்று வருஷம் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1921இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். வறுமை, நிர்வாகத்தின் சாமர்த்தியம், தலைவர்களுக்குள் பிணக்கு என்று காரணங்கள் உண்டு. அந்த ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. அதன்பின் மாதக்கணக்கில் கலவரம், துப்பாக்கிச் சூடு, சாவு. சபையில் புராணம் கேட்டவர்களேதான் தீ வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு உருவான 'நாம்' என்கிற சொல் சேரி வரைக்கும் போய்ச் சேரவில்லை என்கிறேன். நந்தனார் பெரியபுராணத்தில்தான் இருக்கிறார். அவருக்காக உருகிக் கண்ணீர் விட்டுவிட்டு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியும் என்பது பக்தி இலக்கியத்தின் பெரிய வசதி.

சேரிக்கும் தன் வாசிப்பு இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்; 1914இல் அவர் இறக்கும்வரை நடத்தினார். திரு.வி.க. வளர்ந்ததும் ராயப்பேட்டைதான். சிறுவயதில் நோயில் முடங்கிக் கிடந்த அவருக்கு வைத்தியம் செய்து எழுப்பியவரே அயோத்திதாசர். ஒரே பேட்டை, வைத்தியர் வீட்டுக்கு உள்ள வழி தெரியும், ஆனாலும் இரண்டு வாசிப்புகள், இரண்டு 'நாம்'. பிற்பாடு திராவிட இயக்கத்தின் படிப்பகங்கள் வடசென்னையின் தெருக்களுக்குள் வந்தன. தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்ததை என் பக்கத்துத் தெருக்காரர்கள் இன்னும் சொந்தக் கல்யாணம்போலச் சொல்கிறார்கள். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது படிப்பகத்தின் வழக்கம். அதன் பலனை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். என்னைப் போன்றவன் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதே அதனால்தான். அதன் வேலியையும் நாம் பார்த்திருக்கிறோம்.

சேர்ந்து கேட்பது கூட்டத்தைக் கட்டுகிறது. தனியாகப் படிப்பது என்ன செய்கிறது? புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய 'புதிய நந்தன்' கதையில் காந்தி பக்தன், சுயமரியாதைக்காரன், சேரிக்கிழவன் மூன்று பேரும் ஒரே ரயிலில் அடிபட்டுச் சாகிறார்கள். அவருடைய சிறந்த கதைகளில் இது இல்லை. முடிவில் ஜோடனை தெரிகிறது. ஆனாலும் இந்தக் கதையைப் படித்துவிட்டு யாரோடும் சேர்ந்து அழ முடியாது. எந்தக் கட்சியில் நின்று பார்த்தாலும் அந்தக் கட்சியும் தண்டவாளத்தில் கிடக்கிறது. வாசகனுக்கு உட்கார இடம் கொடுக்காத எழுத்து இது. நவீன இலக்கியத்தின் காரியம் பெரும்பாலும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: நான் எந்த 'நாம்' என்பதில் சாய்ந்துகொண்டிருக்கிறேனோ அதை என் முதுகுக்குப் பின்னாலிருந்து உருவிவிடுவது. இதில் சங்கம் பிறக்காது. இடைவேளை பத்து நிமிஷம்கூட நீளாது. சாய்வு போனவன் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்கக்கூடும். அல்லது, என்னைப் போல, சாய்வு போனதையே ஒரு புது அந்தஸ்தாக்கி அதில் சாய்ந்துகொள்ளலாம். நம் சிறுபத்திரிகை வட்டமும் ஒரு 'நாம்' என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகையில் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொள்ளும்போது, பாஸ்புக்கை நீட்டிய கை எங்கே இருந்தது என்று நான் கேட்டதில்லை.

பெரம்பூர்ச் சபைக்காரர்களிடம் ஒன்று இருந்தது, என்னிடம் இல்லாதது. அங்கே படித்தவன் படிக்காதவனுக்காகப் படித்தான். அவன் குரலுக்கு எதிரே ஒரு முகம் இருந்தது. அந்த முகம் யாருடையதாக இருக்கலாம் என்பதில்தான் அவர்கள் தவறினார்கள். எனக்கு எல்லா முகங்களும் புத்தகத்தில் கிடைத்துவிட்டன.

ஆயா பிப்ரவரியில் மறுபடி வந்தாள். பாஸ்புக்கை வாங்கி, கடைசிப் பக்கத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தேதி, வரவு, பற்று, மிச்சம். தாஸ்தாயெவ்ஸ்கி படித்ததால் படித்தேனா, காவலாளியின் முகத்தைப் பார்க்கக் கூசியதால் படித்தேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாதியில் அவள் விரலை வைத்து நிறுத்தினாள். "இந்த எழுவது ரூபா இன்னாத்துக்குப் பிடிச்சாங்க?" என்று கேட்டாள். கட்டணத்தின் பெயர் ஆங்கிலத்தில் சுருக்கெழுத்தாக இருந்தது. அதை முதலில் எனக்கே விளக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவள் விரலை எடுக்கவில்லை.