பழைய காரும் புதிய பிணைச்சலும்

ஒரு பொருள் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாக இழந்து, அவற்றினிடத்துப் புதியனவற்றைப் பெற்ற பின்னரும் அதே பொருளாக நிலைக்குமா என்பது மெய்யியலில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் வினாவாகும். தீசியசின் கப்பலில் உளுத்த பலகைகளை ஏதென்ஸ் மக்கள் அகற்றிப் புதியன பொருத்தி வந்ததையும், அது அதே கப்பல்தானா என அறிஞர் வாதிட்டதையும் புளூட்டாக் எழுதியுள்ளார். அகற்றிய பலகைகளைச் சேர்த்துவைத்து ஒருவன் மற்றொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியசினுடையது என 1655இல் தோமஸ் ஹொப்ஸ் மேலும் வினவினார்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோர் இதனைப் பட்டறையிலே எதிர்கொள்கின்றனர். 1961இல் அறிமுகமான ஜகுவார் ஈ வகைக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் கதவின் பாரம் முழுவதையும் முன்விளிம்பிலுள்ள பிணைச்சலே தாங்குகின்றது. பல்லாண்டுகள் திறந்து மூடுவதால் பிணைச்சலின் ஆணியும், அவ்வாணி சுழலும் துளையும் தேய்கின்றன. தேய்வு மயிரிழையளவாயினும், கதவின் நீளத்தால் அது பெருகிப் பின்விளிம்பு தாழ்கின்றது. பூட்டு தனக்குரிய இடத்திற் சென்று பொருந்தாமையால், கதவைத் தூக்கி அறைந்து மூடவேண்டியதாகின்றது. அவ்வறைதலாற் பூட்டும் நிறப்பூச்சும் தகடும் ஒருங்கே பழுதுறும். துளையைப் பெருப்பித்துத் தடித்த ஆணி இடலாம்; அன்றிப் புதிய பிணைச்சலே பூட்டலாம்.

தொழிற்சாலையிற் பூட்டிய பாகத்தைக் கழற்றுவது காரின் மெய்ம்மையைக் குலைப்பதாகும் என்பர் ஒரு சாரார். ஆயின், கதவைத் தாங்காத பிணைச்சலைப் பழமையின் பெயரால் விட்டுவைப்பவர், ஒரு பாகத்தின் பொருட்டு முழுமையை அழியவிடுகின்றார். மறுபுறம், இன்று பிணைச்சலை மாற்ற இசைந்தவர் நாளை கதவையும், மறுநாள் இயந்திரத்தையும் மாற்றுவதை எவ்வாறு மறுப்பார் என்னும் கேள்வியும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இங்கு ஆங்கிலேய நீதிமன்றமொன்றின் தீர்ப்பு நோக்கத்தக்கது. ‘ஓல்ட் நம்பர் வன்’ எனப்பட்ட பென்ட்லி கார் 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் பிரான்சின் லே மான் 24 மணிநேரப் போட்டியில் வென்றது. அடுத்தடுத்து மாற்றியமைக்கப்பட்ட அக்கார், 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் நேர்ந்த உயிர்ச்சேத விபத்தின் பின்னர் மீண்டும் புதுக்கப்பட்டது. பின்னாளில் அதனை வாங்க உடன்பட்டோர், இது அந்தக் கார் அன்று என மறுத்தனர். 1990இல் வழக்கை விசாரித்த நீதியரசர் ஒட்டன், 1929ஆம் ஆண்டுப் பாகங்கள் ஏறத்தாழ எவையும் எஞ்சவில்லை என ஏற்றுக்கொண்டார். எனினும், புதிய பாகங்கள் காலப்போக்கிற் படிப்படியாக முழுமையுடன் கலந்தமையால், கார் தன் அடையாளத்தை ஒருபோதும் இழக்கவில்லை எனவும், அது மெய்யான கார் எனவும் தீர்த்தார்.

இத்தீர்ப்பை ஏற்பின், ஒரு பொருளின் அடையாளத்தைத் தாங்குவது அதன் இடையறாத வரலாறு எனலாம். பட்டறை மூலையிற் கிடக்கும் பழைய பிணைச்சல் அவ்வரலாற்றின் சான்று மட்டுமே. ஹொப்சின் இரண்டாவது கப்பலுக்குப் பலகைகள் உண்டு. தொடர்ச்சியான வாழ்வு இல்லை.

ஈண்டு ஓர் அறக்கடப்பாடும் எழுகின்றது. வரலாறே அடையாளமெனின், வரலாற்றை மறைப்பவர் அடையாளத்தையே சிதைப்பவராவர். புதிய பிணைச்சலுக்குச் செயற்கையாகத் துருவேற்றி, அதனைத் தொழிற்சாலைப் பாகமென விற்பவர், வாங்குபவரை மட்டுமன்றிக் காரையும் வஞ்சிக்கின்றார். பழங்கட்டடங்களைப் பேணுதற்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், இழந்த பகுதிக்கு ஈடாக வைப்பது முழுமையோடு இசைந்திருத்தல் வேண்டுமெனவும், அதேவேளை பழையதிலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாதல் வேண்டுமெனவும் கூறுகின்றது. இந்நெறி காருக்கும் பொருந்தும்: தேய்ந்ததை மாற்றுக, மாற்றியதை எழுதிவைக்க, கழற்றியதைப் பேணுக.

தேய்தல் பொருளின் இயல்பு. புதுக்குதல் மனிதனின் கடமை. அக்கடமை உண்மையோடு நிறைவேற்றப்படும்வரை, எத்தனை பிணைச்சல்கள் மாறினும் கார் அதே காராகவே இருக்கும்.