மௌனம் சம்மதமாகுமா?



சென்ற வாரம் வீடு சந்திக்கப் போன இடத்தில் ஓர் இல்லத்தில் தொலைக்காட்சியில் ‘மௌன ராகம்’ படம் ஓடிக்கொண்டிருந்தது. படம் முடிந்ததும் வீட்டுத் தாயார் என்னைப் பார்த்து, “பார்த்தீங்களா சாமி, பெத்தவங்க பார்த்து வச்ச கலியாணந்தான் கடைசியில நிலைச்சுது” என்றார். கல்லூரியில் படிக்கும் மகள் பக்கத்தில் நின்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மௌனந்தான் இதை எழுத வைத்தது.

1986-ல் மணிரத்னம் எடுத்த படம் அது. கதை உங்களில் பலருக்குத் தெரியும். திவ்யா என்ற பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறாள். தகப்பனுக்கு மாரடைப்பு வருகிறது. அவர் உயிரைக் காக்கவாவது சம்மதிக்க வேண்டும் என்று தாய் கெஞ்சுகிறாள். மகள் கழுத்தை நீட்டுகிறாள். டில்லிக்கு அழைத்துப் போன கணவன், உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று ஆசையோடு கேட்க, விவாகரத்து வேண்டும் என்கிறாள். தான் நேசித்தவன் மரித்துப்போன துக்கம் அவள் நெஞ்சில் இருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. முடிவில் இருவர் மனமும் ஒன்றுபடுகிறது.

அந்தத் தாயார் சொன்னது பாதி உண்மை. ஆனால் அந்தக் கலியாணம் நிலைத்ததற்குக் காரணம் பெற்றோரின் கட்டாயமா? கணவன் அவளைக் கேட்டான், அவள் சொன்னதைக் காதில் வாங்கினான், வற்புறுத்தாமல் பொறுத்திருந்தான். பெற்ற தாய் தகப்பன் கேட்டிருக்க வேண்டியதை அந்நியனாய் வந்தவன் கேட்டான். படத்தின் முடிவைப் படம் எடுப்பவர் எழுதிக்கொள்ளலாம். நம் பிள்ளைகளின் வாழ்வுக்கு அப்படி முடிவு எழுதித் தருபவர் யார்?

பிள்ளைகளுக்கு வரன் பார்ப்பது பெற்றோரின் கடமை. அது நல்ல வழக்கமும்கூட. ஆதியாகமம் 24-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆபிரகாம் தம் மகன் ஈசாக்குக்குப் பெண் தேட ஊழியனை அனுப்புகிறார். ரெபேக்காளின் வீட்டார் பேசி முடிக்கிறார்கள்; பொன்னும் வஸ்திரமும் கொடுத்தாயிற்று. இருந்தும், புறப்படும் வேளையில் பெண்ணை அழைத்து, இந்த மனிதனோடு போகச் சம்மதமா என்று அவள் வாயாலேயே கேட்கிறார்கள். போகிறேன் என்று அவள் சொன்ன பிறகே வழியனுப்புகிறார்கள். ஈசாக்கு அவளை மனைவியாக ஏற்று நேசித்தான் என்று அந்த அதிகாரம் முடிகிறது. பெரியோர் பேசிய கலியாணந்தான். ஆனால் பெண்ணைக் கேட்ட கலியாணம்.

திருச்சபையின் போதனையும் இதுவே. மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அநுமானத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம். அதை வேறு எவரும் அவர்களுக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது. கனமான பயத்தாலோ பலவந்தத்தாலோ வாங்கிய சம்மதத்தால் மெய்விவாகம் உண்டாவதில்லை என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. பெற்றோர் சம்மதிக்காததால் மட்டும் ஒரு கலியாணம் செல்லாமற்போகும் என்பது பிழை என்று 1563-ல் திரெந்து நகர்ப் பொதுச்சங்கம் தீர்த்துச் சொன்னது. அதே சங்கம் ஒளிவுமறைவாகச் செய்யும் கலியாணத்தைத் திருச்சபை வெறுத்து விலக்கி வந்ததையும் சொன்னது. முன்னது பெற்றோருக்கு, பின்னது வாலிபருக்கு.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு கடற்கரை ஊரில், ஒரு பெண்ணைக் கலியாணத்துக்கு முன் விசாரித்தேன். எல்லாக் கேள்விக்கும் தாயாரே பதில் சொன்னார். பெண் தலைகுனிந்திருந்தாள். கூச்சம் என்று எண்ணினேன். பீடத்தின் முன் சம்மதமா என்று கேட்டபோது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மண்டபத்தில் சமையல் ஆகிவிட்டது, உறவினர் கூடிவிட்டனர். நானும் மேலே நடத்திவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து அவள் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தாள். என்னைக் கண்டதும், “சாமி, நீங்களாவது இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்” என்றாள். அந்தச் சொல் இன்றும் என் செவியை விட்டுப் போகவில்லை.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது பழமொழி. கலியாண விஷயத்தில் அதை நம்பாதீர்கள். 1961-ல் நின்றுபோன முத்துக்குளிப்பை நேரில் கண்ட முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கல்லைப் பற்றிக் கடலடிக்கு இறங்குகிறவன் வாய் திறந்து பேச முடியாது. தோணியில் கயிறு பிடிப்பவன் கையில்தான் அவன் உயிர். ஆகவே மனைவியின் சகோதரனையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று நம் கரையில் பேச்சுண்டு. கயிற்றில் சின்ன அசைவு தெரிந்தாலும் இழுத்துவிட வேண்டும். கூப்பிடவில்லையே என்று சும்மா இருந்தால் ஆள் மூழ்கிப்போவான். பெற்றோரே, உங்கள் மகளின் கயிறு உங்கள் கையில் இருக்கிறது. சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாளா, பேச்சு வந்ததும் எழுந்து போகிறாளா, கவனியுங்கள்.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நேசிப்பது பாவமன்று. ராகேலுக்காக யாக்கோபு ஏழு ஆண்டு உழைத்தான். அவள் தகப்பனிடமே நேரில் வந்து கேட்டான். உங்கள் நேசம் உண்மையானால் அதுவும் பகலில் நடந்து வரட்டும். ஆண்டுக்கணக்காய் மறைத்துவிட்டு, நிச்சயத்துக்கு முந்தின இரவில் வீட்டைவிட்டுப் போவதும் மௌனத்தால் செய்யும் தீங்குதான். தகப்பன் கோபிப்பார், கோபம் ஆறும். அடுத்தவர் வாயால் சேதி கேட்ட அவமானம் ஆற நாளாகும்.

ஆகையால், ஓலை வாசிக்கக் கொடுக்குமுன் மணமகனும் மணமகளும் தனித்தனியே என்னிடம் வர வேண்டும். தாய் தகப்பன் திண்ணையில் இருக்கட்டும். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்பேன். வேண்டாம் என்று பதில் வந்தால் ஓலையை நிறுத்துவேன். சீதனம் பேசியாயிற்று, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று என்று என்னிடம் வர வேண்டாம். முன்பணம் போனால் சம்பாதிக்கலாம்.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், கலியாண வயதில் பிள்ளையுள்ள ஒவ்வொரு வீட்டிலும் தகப்பனார் பிள்ளையை அருகில் அழைத்து, உன் மனதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். சம்மனசு வந்து கேட்டபோது தம் சுயாதீன மனதோடு சம்மதம் சொன்ன நம் தஸ்நேவிஸ் மாதா உங்கள் இல்லங்களைக் காப்பாற்றுவாளாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு