தொண்டும் மதிப்பெண்ணும்

தன்னார்வத் தொண்டு நிறுவனங்களைத் தொடக்கப் பள்ளியிலேயே அறிமுகம் செய்தல் நன்றே. தனிப்பாடமாக்கித் தேர்வு வைப்பது தகுமா என்பதே வினா.

அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், 1920களில், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் கிராமப் பணி நிலையம் அமைத்தார். இனாம் வழங்குவதை விடுத்து, எளியோர் தம் முயற்சியால் உயரக் கைத்தொழில்கள் கற்பித்தார். தேனீ வளர்ப்பு அவற்றுள் ஒன்று. (நாம் தேன் உண்ணோம், அதற்காக இவ்வரலாற்றைக் குழந்தைகளிடம் மறைக்க வேண்டுவதில்லை.)

இதனைச் சமூக அறிவியல் பாடத்தில் கூறலாம். கூட்டாக விற்ற தொகையைப் பங்கிடுதல் கணக்குப் பாடமாகும். ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்ததை எழுதுதல் தமிழ்ப் பயிற்சியாகும். பொருள் கொடுப்பது சிறந்ததா, தொழில் கற்பிப்பது சிறந்ததா என்று மாணவர் வாதிடட்டும். அவ்வாதத்திற்கு மட்டும் மதிப்பெண் வேண்டா. இட்டால், ஆசிரியர் விரும்பும் விடையையே பிள்ளைகள் எழுதுவர்.