விழலாம், நிற்கக் கூடாது

தொண்ணூறுகளில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளிக் கணினி அறைக்குள் நுழைந்த தலைமுறைக்குப் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' கணினி விளையாட்டின் இளவரசனைத் தெரியும். எந்த ஊரானாலும் அதே நிலவறை, அதே முள் பொறிகள். இன்று அதைப் பிரௌசரிலேயே ஆடலாம். 2015-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ், பழைய டாஸ் விளையாட்டுகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை அப்படித் திறந்துவைத்தது.

இந்த விளையாட்டை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்தார். அதைப் பார்த்துப் பார்த்து இளவரசனின் ஓட்டத்தையும் தாவலையும் வரைந்தார். 1985-இல் தொடங்கிய வேலை, 1989-இல்தான் விளையாட்டாக வெளிவந்தது.

ஆட்டத்தில் இளவரசியை மீட்க இளவரசனுக்கு 60 நிமிடம் உண்டு. எத்தனை முறை விழுந்தாலும் அந்தக் கட்டத்தின் தொடக்கத்திலிருந்து மீண்டும் எழலாம். கடிகாரம் மட்டும் பின்னால் போகாது. இன்னொரு விதியும் உண்டு: ஓடி வருபவனைக் கொல்லும் முள், அடிமேல் அடி வைத்து நடப்பவனை ஒன்றும் செய்யாது.

சிறுவயதில் இவை ஆட்டத்தின் விதிகள் மட்டுமே. வேலை, குடும்பம், கடன் என்று பலவற்றைக் கடந்த பிறகு மறுபடி ஆடும்போது, வாழ்க்கைக்கும் இவை பொருந்துவது விளங்குகிறது. தேர்வில் தவறியவர் மீண்டும் எழுதலாம். தொழிலில் நொடித்தவர் மீண்டும் தொடங்கலாம். விழுந்த இடத்திலேயே வருந்தி உட்கார்ந்திருக்கும் நேரத்தைத்தான் யாராலும் மீட்க முடியாது.

ஆபத்து உள்ள இடத்தில் நிதானமாக நடங்கள். விழுந்தால் உடனே எழுங்கள்.