குளிரின் குழந்தை

ஆண்டீஸ் மலையின் மேகக் காடுகளில் பனிமூட்டத்தையே ஆடையாக உடுத்தி வாழும் மாஸ்டிவேலியா என்னும் ஆர்க்கிட் செடியை, சென்னையின் சித்திரை வெயிலில் வீட்டில் வைத்து வளர்க்க முற்படுவது பக்தியா, அகங்காரமா என்ற கேள்வி என்னை நெடுநாளாக வாட்டிவந்தது. நீரைச் சேமித்துவைக்கும் குமிழ்த்தண்டு இச்செடிக்கு இல்லை. இரவில் 10 முதல் 15 டிகிரி வரையிலான குளிர்ச்சி கிட்டாவிடில், பகலெல்லாம் ஈட்டியதை இரவின் சுவாசத்திலேயே செலவழித்து மெலிந்துபோகும் பிறவி இது. மண்சட்டியைச் சுற்றி ஈரச்சாக்கைக் கட்டி மின்விசிறியையும் சுழலவிட்டேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் உலர்ந்தால்தானே குளிரும்! ஒருநாள் காலையில், பசுமை மாறாத இலையொன்று அடிக்காம்பு கறுத்து, தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயர், மலை ஆர்க்கிடுகளும் வெப்பத்தையே விரும்புமென்று எண்ணி, கண்ணாடி வீடுகளில் அடைத்துக் கணப்பு மூட்டியே அவற்றைக் கொன்றார்கள். அவர்களுடையது அஞ்ஞானம், என்னுடையதோ அறிந்தே செய்த ஹிம்சை. ஸ்வதர்மம் மனிதருக்கு மட்டுமே உரியதென்று கீதையைப் படிப்போர் கருதலாம்; எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

சென்ற வாரம் செடியை உதகையிலுள்ள நண்பரிடம் அனுப்பிவிட்டேன்.